இரத்த அழுத்தமும் உணவுப் புரதங்களும்

(பால் கூட்டுறவுச் சங்க உறுப்பினர்களும் உணவியல் மாணவர்களும் கூடியிருந்த அவையில் ஆற்றப்பெற்ற சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



பாலிலும் பருப்பிலும் மீனிலும் உள்ள புரதங்களிலிருந்து இரத்த அழுத்தத்தைக் குறைக்கும் பொருள்கள் கிடைக்கின்றன என்னும் செய்தி சில ஆண்டுகளாகவே பத்திரிகைகளில் அடிக்கடி இடம்பெற்று வருகிறது. அதனைப் படித்தவர்கள் என்னிடம் இரண்டு கேள்விகளைக் கேட்கின்றனர். ஒன்று சங்கத் தலைவர்கள் கேட்பது: இத்தகைய பொருளைத் தயாரிக்க நாமும் ஓர் ஆலை அமைக்கலாமா? மற்றொன்று வீட்டிலுள்ளவர்கள் கேட்பது: இதனை அருந்தினால் மாத்திரையை விட்டுவிடலாமா? முதல் கேள்விக்கு விடை கூறச் சற்று ஆராய வேண்டும். இரண்டாவது கேள்விக்கு ஆராய்ச்சியே தேவையில்லை, விடக் கூடாது. ஏன் விடக் கூடாது என்பதை விளக்கத்தான் இன்று உங்கள் நேரத்தை எடுத்துக்கொள்கிறேன்.

இரண்டாவது கேள்வி அற்பமானதன்று. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் நாடு முழுவதும் நடத்திய ஆய்வொன்றின் முடிவுகள் 2023ஆம் ஆண்டில் வெளியாயின. 20 வயதுக்கு மேற்பட்டோரில் நூற்றுக்கு 35 பேருக்குச் சற்று அதிகமானோர் உயர் இரத்த அழுத்தம் உடையவர்கள் என்று அது கணக்கிட்டது. 2019-21இல் நடந்த ஐந்தாவது தேசியக் குடும்பநல ஆய்வு 15 வயதுக்கு மேற்பட்டோரையும் சேர்த்துக் கணக்கிட்டு, ஆண்களில் நூற்றுக்கு 24 பேர், பெண்களில் 21 பேர் என்றது. எந்தக் கணக்கை எடுத்துக்கொண்டாலும் இது கோடிக்கணக்கான மக்களைப் பற்றிய செய்தி. இந்த நோய்க்கு வலியில்லை, காய்ச்சலில்லை. தலைச்சுற்றல் வந்தால்தான் இரத்தக் கொதிப்பு என்று நம் மக்கள் நம்புகின்றனர். பெரும்பாலோருக்கு அதுவும் வருவதில்லை. பக்கவாதமோ மாரடைப்போ வந்த பின்னரே முதல் அறிகுறி தெரிந்தது என்று சொல்லும் குடும்பங்கள் ஏராளம். துன்பம் தராத நோய்க்கு நாள்தோறும் மாத்திரை உண்பது மனித இயல்புக்கு மாறானது. எனவேதான் “மாத்திரை வேண்டாம், இந்தப் பானம் போதும்” என்று எவரேனும் சொன்னால் அந்தச் சொல் அவ்வளவு இனிமையாக இருக்கிறது.

பாம்பு தந்த பாடம்

நம் உடலில் இரத்த அழுத்தத்தை ஏற்றி இறக்கும் ஏற்பாடுகள் பல. அவற்றுள் ஒன்றை மட்டும் இங்கே பார்ப்போம். சிறுநீரகம் தன்னிடம் வரும் இரத்தத்தின் வேகம் குறைந்துவிட்டதாக உணரும்போது ரெனின் என்னும் நொதியைச் சுரக்கிறது. கல்லீரலிலிருந்து வரும் ஒரு பெரிய புரதத்தை அது வெட்டி, 10 அமினோ அமிலங்கள் கோத்த ஒரு சிறு சங்கிலியை உண்டாக்குகிறது. ஆஞ்சியோடென்சின்-1 என்பது இதன் பெயர். இந்தச் சங்கிலி தானாக ஒன்றும் செய்வதில்லை. பெரும்பாலும் நுரையீரலின் இரத்தக் குழாய்ச் சுவர்களில் காத்திருக்கும் இன்னொரு நொதி அதன் நுனியிலிருந்து இரண்டு அமினோ அமிலங்களைக் கத்தரித்துவிட, எஞ்சிய 8 கொண்ட ஆஞ்சியோடென்சின்-2 பிறக்கிறது. இது இரத்தக் குழாய்களைச் சுருக்குகிறது; உப்பையும் நீரையும் உடலில் தேக்கிவைக்கவும் ஏவுகிறது. அழுத்தம் ஏறுகிறது. கத்தரிக்கும் அந்த நொதியை ஆஞ்சியோடென்சின் மாற்று நொதி என்பர். சுருக்கமாக மாற்று நொதி என்றே இனிக் குறிப்பிடுகிறேன். 1956இல் லியோனார்ட் ஸ்கெக்ஸ் என்னும் அமெரிக்க அறிஞர் குழு இதனைக் கண்டறிந்தது. இரத்தக் குழாய்களை விரித்துத் தரும் பிராடிகைனின் என்னும் வேறொரு பொருளை அழிப்பதும் இதே நொதிதான். ஒரு கையால் அழுத்தத்தை ஏற்றுகிறது. அதனை இறக்க வருவதை மறு கையால் தடுக்கிறது.

அமினோ அமிலங்கள் சில கோத்த இத்தகைய சிறு சங்கிலிகளைப் பெப்டைடுகள் என்கிறோம். புரதம் என்பது நீண்ட மாலை என்றால் பெப்டைடு அதிலிருந்து அறுந்த சிறு சரம்.

இந்த மாற்று நொதியைத் தடுக்க வழி காட்டியது பிரேசில் நாட்டின் ஒரு நச்சுப் பாம்பு. ஜரராக்கா என்று அங்குள்ளோர் அழைக்கும் அந்த விரியன் தீண்டினால் கடிபட்டவரின் இரத்த அழுத்தம் சடுதியில் வீழ்ந்துவிடும். அந்த நஞ்சை ஆராயும்போதுதான் 1949இல் மௌரீசியோ ரோச்சா இ சில்வாவும் அவருடைய துணைவர்களும் பிராடிகைனினைக் கண்டுபிடித்தனர். 1965இல் அவருடைய மாணவர் செர்ஜியோ ஃபெரெய்ரா, பிராடிகைனினின் ஆற்றலைப் பெருக்கும் பெப்டைடுகள் அந்த நஞ்சிலேயே இருப்பதைக் காட்டினார். அவர் அதனை இலண்டனில் ஜான் வேன் என்பவரின் ஆய்வுக்கூடத்துக்குக் கொண்டுசென்றார். அப்பெப்டைடுகள் மாற்று நொதியின் வாயை அடைப்பவை என்பது அங்கே தெளிவாயிற்று. ஸ்குவிப் என்னும் அமெரிக்க மருந்து நிறுவனம் அவற்றுள் 9 அமினோ அமிலங்கள் கொண்ட ஒன்றை எடுத்து, டெப்ரோடைடு என்ற பெயரில் நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்தது. அழுத்தம் குறைந்தது. ஆனால் ஊசியாகப் போட்டால் மட்டுமே வேலை செய்தது. வாய்வழியே கொடுத்தால், எந்தப் புரதத்தையும் செரிப்பது போல வயிறு இதனையும் செரித்துவிட்டது.

டேவிட் குஷ்மன், மிகுவேல் ஒன்டெட்டி என்னும் இருவர் அந்தப் பெப்டைடின் வேலை செய்யும் நுனியை மட்டும் எடுத்துக்கொண்டு, செரிமானத்துக்கு அகப்படாத ஒரு சிறிய மூலக்கூறாக அதனைத் திருத்தி அமைத்தனர். அதுவே கேப்டோப்ரில். 1977இல் அதைப் பற்றிய கட்டுரை வெளிவந்தது. 1981இல் அமெரிக்காவில் மருந்தாக ஒப்புதல் பெற்றது. இன்று நம் மருத்துவர்கள் எழுதித் தரும் எனலாப்ரில், ராமிப்ரில் ஆகியவை அதன் வழிவந்தவை.

இந்தக் கதையில் நாம் மறக்கக் கூடாத செய்தி ஒன்று உண்டு. ஒரு பெப்டைடு சோதனைக் குழாயில் மாற்று நொதியைத் தடுப்பது எளிது. வயிற்றையும் குடலையும் கடந்து, இரத்தத்தில் போதிய அளவில் சேர்ந்து, அங்கே தடுப்பதுதான் கடினம். பாம்பு நஞ்சில் கிடைத்த பெப்டைடுக்கே இந்த இடர் இருந்தது. பாலில் கிடைக்கும் பெப்டைடுக்கு இல்லாமற் போகுமா?

உணவிலிருந்து

உணவுப் புரதத்தில் இந்தத் தன்மையை முதலில் காட்டியவர்கள் ஜப்பானியர். 1979இல் ஓஷிமாவும் உடனிருந்தோரும் ஜெலட்டினை நொதியால் சிதைத்து, கிடைத்த துண்டுகள் மாற்று நொதியைத் தடுப்பதைக் கண்டனர். 1982இல் மருயாமா, சுசுகி ஆகியோர் பாலின் கேசின் புரதத்திலிருந்து அத்தகைய துண்டைப் பிரித்தெடுத்தனர். அதற்குப் பின்னர் எடுத்துப் பார்க்காத உணவே இல்லை எனலாம். மத்தி மீன், உலர்த்திய போனிட்டோ மீன், முட்டை வெண்கரு, சோயா, பாசிப்பயறு, கொண்டைக்கடலை, அரிசித் தவிடு என்று பட்டியல் நீண்டுகொண்டே போகிறது. கர்னால் தேசியப் பால்வள ஆராய்ச்சி நிலையத்திலும் மைசூரு மத்திய உணவுத் தொழில்நுட்ப ஆராய்ச்சி நிலையத்திலும் இத்துறையில் ஆய்வுகள் நடந்துள்ளன. புரதம் எதுவாயினும் அதனைத் துண்டு துண்டாக்கினால் ஏதோ ஒரு துண்டு இந்த நொதியின் வாயில் பொருந்திவிடுகிறது. ஆகவே “இன்ன தானியத்தில் இரத்த அழுத்தத்தைத் தடுக்கும் பெப்டைடு கண்டுபிடிப்பு” என்ற தலைப்பைக் கண்டு நீங்கள் வியப்படைய வேண்டியதில்லை. கண்டுபிடிக்காமல் இருந்தால்தான் வியப்பு!

இவற்றுள் மனிதரிடம் மிகுதியாகச் சோதிக்கப்பட்டவை பாலிலிருந்து வந்த இரண்டு. ஒன்று வாலின்-புரோலின்-புரோலின், மற்றொன்று ஐசோலூசின்-புரோலின்-புரோலின். மூன்றே மணிகள் கோத்த சரங்கள். நுனியில் இரண்டு புரோலின்கள் அடுத்தடுத்து நிற்பதால் செரிமான நொதிகள் இவற்றை எளிதில் வெட்ட முடிவதில்லை. 1995இல் நகமுராவும் அவருடைய குழுவினரும் லாக்டோபாசில்லஸ் ஹெல்வெட்டிகஸ் என்னும் நுண்ணுயிரும் ஈஸ்ட்டும் சேர்த்துப் புளிக்க வைத்த பாலில் இவை இருப்பதைக் காட்டினர்.

அந்தப் புளித்த பால் ஜப்பானில் கல்பிஸ் என்னும் பெயரால் புகழ்பெற்றது. அதனை 1919இல் அறிமுகப்படுத்திய கைஉன் மிஷிமா ஒரு பௌத்தத் துறவியின் மகன். மங்கோலியாவில் தாம் அருந்திய புளித்த பாலே அவருக்குத் தூண்டுகோல். கால்சியம் என்பதன் முதலெழுத்துகளோடு, நெய்யைக் குறிக்கும் சர்ப்பிஸ் என்னும் வடசொல்லின் கடைசி ஒலியைச் சேர்த்து அவர் அந்தப் பெயரை அமைத்தார். சர்ப்பம் என்றால் பாம்பு, சர்ப்பிஸ் என்றால் நெய். ஒரே ஆராய்ச்சி இரண்டையும் தொட்டுச் செல்வது தற்செயல்தான் என்றாலும் சுவையானது.

1996இல் ஹாட்டா என்பவரின் குழு 30 முதியவர்களிடம் இப்பாலைச் சோதித்தது. நாளொன்றுக்கு 95 மில்லிலிட்டர் வீதம் 8 வாரம் அருந்தியவர்களுக்கு மேல் அழுத்தம், அதாவது 140/90 என்று எழுதுவதில் முதலில் வரும் எண், சராசரியாக 14 புள்ளி குறைந்தது. மருந்துக்கு நிகரான குறைவு இது. உலகம் வியந்ததில் தவறில்லை. ஆனால் அந்த ஆய்வில் கலந்துகொண்டோரில் பெரும்பாலோர் ஏற்கெனவே இரத்த அழுத்த மாத்திரை உட்கொண்டு வந்தவர்கள். மாத்திரையை நிறுத்திவிட்டுப் பாலை அருந்தியவர்கள் அல்லர். மாத்திரையோடு பாலையும் அருந்தியவர்கள். விளம்பரங்களில் இந்த வரி இடம்பெறுவதில்லை.

நலம் தரும் உணவு என்று அரசு முத்திரை வழங்கும் திட்டம் ஒன்றை ஜப்பான் 1991இல் தொடங்கியது. புளித்த பால் பானமும், போனிட்டோ மீன், மத்தி மீன் ஆகியவற்றின் பெப்டைடு சேர்த்த பொருள்களும் அந்த முத்திரையைப் பெற்றன. எள்ளுப் புரதத்தின் பெப்டைடு சேர்த்த வாற்கோதுமைத் தேநீரும் அவ்வரிசையில் உண்டு. எள்ளைப் பற்றிப் பின்னர் மீண்டும் சொல்ல வேண்டியிருக்கிறது.

ஐரோப்பாவுக்கு இந்த ஆராய்ச்சி சென்றபோது நிலைமை மாறியது. பின்லாந்தில் முதலில் நல்ல பலன் கிடைத்தது. நெதர்லாந்திலோ 135 பேரிடம் 8 வாரம் நடத்தி 2008இல் வெளியிட்ட ஆய்வில் இப்பெப்டைடுகளால் யாதொரு பயனும் காணப்படவில்லை. 2011இல் அதுவரை நடந்த ஆய்வுகளை எல்லாம் கூட்டிப் பார்த்தவர்கள், ஆசிய மக்களிடம் மேல் அழுத்தம் ஏறத்தாழ 7 புள்ளியும் ஐரோப்பியரிடம் 1 புள்ளியை ஒட்டியும் குறைந்தன என்றனர். இந்த வேறுபாட்டுக்கு மரபணு காரணமா, உணவுப் பழக்கம் காரணமா, ஆய்வுகளின் தரம் காரணமா என்ற விவாதம் இன்னும் முடியவில்லை. “ஆசியர்” என்பதில் நம்மைச் சேர்த்துக்கொள்ள நாம் அவசரப்படக் கூடாது. அந்த ஆய்வுகளில் ஆசியர் எனப்பட்டோர் பெரும்பாலும் ஜப்பானியரே. ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் சான்றுகளைப் பரிசீலித்து, இவ்விரு பெப்டைடுகளுக்கும் இயல்பான இரத்த அழுத்தத்துக்கும் காரண காரியத் தொடர்பு நிறுவப்படவில்லை என்று 2009இல் தீர்ப்பளித்தது. 2010இல் போனிட்டோ பெப்டைடுக்கும் அதே தீர்ப்புக் கிடைத்தது.

ஒரே பொருளை ஒரு நாடு முத்திரையிட்டு விற்கவும் மற்றொரு நாட்டுக்கூட்டம் உரிமை மறுக்கவும் காரணம் என்ன? கணக்கைப் பார்த்தால் விளங்கும். மாற்று நொதியின் வேலையைச் சோதனைக் குழாயில் பாதியாகக் குறைக்க, ஐசோலூசின் வகைப் பெப்டைடு லிட்டருக்கு ஏறத்தாழ 5 மைக்ரோமோல் தேவை. வாலின் வகை 9. கேப்டோப்ரிலோ 0.02 அளவில் அந்த வேலையைச் செய்துவிடுகிறது. ஆற்றலில் இருநூறு மடங்குக்கு மேல் வேறுபாடு. போகட்டும், மிகுதியாகக் குடித்து ஈடுசெய்யலாமே என்பீர்கள். மனிதர்கள் அப்பெப்டைடை உட்கொண்டபின் இரத்தத்தை எடுத்து அளந்து 2007இல் வெளியிட்டனர். உச்ச அளவிலும் லிட்டருக்கு ஒரு நானோமோலை அது எட்டவில்லை. ஒரு மைக்ரோமோல் என்பது 1000 நானோமோல். தேவைப்படும் அளவுக்கும் இரத்தத்தில் சேரும் அளவுக்கும் இடையே ஐயாயிரம் மடங்கு தூரம் இருக்கிறது. அழுத்தம் உண்மையிலேயே குறைகிறதென்றால் அது மாற்று நொதியைத் தடுப்பதால் மட்டும் அன்று. இரத்தக் குழாயின் உட்சுவரில் நைட்ரிக் ஆக்சைடு சுரப்பதைத் தூண்டுவது போன்ற வேறு வழிகள் இருக்க வேண்டும் என்று அறிஞர்கள் ஆராய்ந்து வருகின்றனர்.

எலிகளைப் பற்றியும் ஒரு வார்த்தை. இத்துறையின் பெரும்பாலான நற்செய்திகள், 1963இல் கியோட்டோவில் ஒகமோட்டோ, அவோகி என்பவர்கள் உருவாக்கிய, பிறவியிலேயே அழுத்தம் ஏறும் ஓர் எலி இனத்திடமிருந்து வருபவை. அந்த எலிக்கு அழுத்தம் குறைந்ததென்றால் மனிதரிடம் சோதிக்கத் தகுந்தது என்பதுதான் பொருள்.

ஆலை அமைக்கலாமா?

இனிக் கூட்டுறவு நண்பர்களின் கேள்விக்கு வருகிறேன். 1998 முதல் உலகில் மிகுதியாகப் பால் கறக்கும் நாடு நம்முடையது. 2023-24இல் நாட்டின் பால் உற்பத்தி ஏறத்தாழ 23 கோடியே 90 லட்சம் டன். பாலாடைக்கட்டியும் பன்னீரும் செய்தபின் எஞ்சும் தெளிநீரை வாய்க்காலில் விட்டால் அது நீர்நிலையின் உயிர்வளியை எல்லாம் உறிஞ்சிவிடும். அதன் உயிர்வளித் தேவை லிட்டருக்கு 30,000 மில்லிகிராமுக்கு மேல். இந்தக் கழிவைக் காசாக்கும் வழி எதுவாயினும் அதற்கு நான் ஆதரவு. அதில் உள்ள புரதத்திலிருந்தும் மாற்று நொதியைத் தடுக்கும் பெப்டைடுகள் கிடைக்கும் என்பது மெய்.

ஆனால் தெளிநீர் எல்லாம் ஒன்றல்ல. ரென்னெட் இட்டுச் செய்யும் பாலாடைக்கட்டியின் தெளிநீரில் புரதம் நிறைய உண்டு. பன்னீருக்காக நாம் பாலை 80, 90 டிகிரி வரை காய்ச்சிப் பிறகு திரிய வைக்கிறோம். அந்தச் சூட்டில் தெளிநீருக்குப் போக வேண்டிய புரதத்தில் பெரும்பகுதி பன்னீரோடே சேர்ந்துவிடுகிறது. பன்னீர் உண்பவருக்கு அது நன்மை. பெப்டைடு ஆலைக்குக் கச்சாப்பொருள் தேடுவோருக்கு ஏமாற்றம். நம் சங்கங்களில் எத்தனை பாலாடைக்கட்டி செய்கின்றன, எத்தனை பன்னீர் செய்கின்றன என்பதை முதலில் எண்ணிப் பார்த்துக்கொள்ளுங்கள்.

அடுத்த இடர் கசப்பு. புரதத்தை நொதியால் சிதைக்கும்போது உள்ளே மறைந்திருந்த, நீரோடு ஒட்டாத அமினோ அமிலங்கள் வெளியே வந்து நாக்கில் படுகின்றன. அவை கசக்கும். எந்தத் துண்டு நொதியைத் தடுப்பதில் சிறந்ததோ அதுவே பெரும்பாலும் கசப்பிலும் முந்தி நிற்கும். இதனை மறைக்க நறுமணமும் சர்க்கரையும் சேர்க்கின்றனர். இரத்த அழுத்தம் உடையவர்களில் பலருக்கு நீரிழிவும் உண்டு என்பதை இங்கே நினைவில் கொள்ள வேண்டும். இதற்கு மேல் சவ்வு வடிகட்டிகள், உலர்த்தும் கோபுரம், ஒவ்வொரு தொகுதியிலும் இத்தனை மில்லிகிராம் பெப்டைடு உள்ளது என்று அளந்து சொல்லும் கருவி ஆகியவை வேண்டும். நாளொன்றுக்குத் தேவைப்படுவது ஒரு சில மில்லிகிராமே. ஆனால் அந்தச் சில மில்லிகிராமை நாள் தவறாமல் ஒரே அளவில் தருவதில்தான் செலவெல்லாம் இருக்கிறது.

அப்படியானால் வீட்டுத் தயிரில் இவை இல்லையா என்று கேட்கலாம். புளித்த பால் எதிலும் சில பெப்டைடுகள் இருக்கும். ஆனால் லாக்டோபாசில்லஸ் ஹெல்வெட்டிகஸ் போலப் புரதத்தைக் கடுமையாக வெட்டும் ஆற்றல் எல்லா உறைகளுக்கும் இல்லை. ஒரு வீட்டு உறையிலுள்ள நுண்ணுயிர்கள் அடுத்த வீட்டு உறையில் இருக்க வேண்டுமென்பதில்லை; கோடையில் இருப்பவை மாரியில் இருக்க வேண்டுமென்பதும் இல்லை. தயிர் நல்ல உணவு. அதனை உணவாக உண்ணுங்கள். மருந்தாக அளந்து உண்ண அதில் அளவு கிடையாது.

எள்ளைப் பற்றிச் சொல்கிறேன் என்றேன். ஜப்பானில் எள்ளுப் புரதம் தேநீர்க் குப்பியில் ஏறி விலைபெற்றிருக்கிறது. எள் மிகுதியாக விளையும் நாடுகளில் ஒன்றாகிய நாம் எண்ணெய் எடுத்தபின் பிண்ணாக்கை மாட்டுக்கு வைக்கிறோம். மாடு உண்பதில் குறையில்லை. ஆயினும் கடலை, எள் ஆகியவற்றின் பிண்ணாக்குகளில் நல்ல புரதம் இருக்கிறது. தூய்மையாக ஆட்டி, பூஞ்சை நச்சு இல்லாமல் பாதுகாத்தால் அதனை மனித உணவாகவும் ஆக்கலாம். பெப்டைடு என்னும் கடைசிப் படியில் ஏறுவதற்கு முன், புரத மாவு என்னும் முதற்படியிலேயே நம் நாட்டுக்குப் பெரும் பயன் காத்திருக்கிறது என்பது என் கருத்து. பள்ளிச் சிறுவனின் தட்டில் சேரும் புரதம், நகரத்து முதியவரின் கோப்பையில் சேரும் பெப்டைடைக் காட்டிலும் முந்தியது.

ஆகவே சங்கங்களுக்கு நான் சொல்வது: இதில் ஆராய்ச்சிக்குப் பணம் ஒதுக்கலாம். ஆராய்ச்சி நிலையத்தோடு சேர்ந்து ஒரு சிறு முன்னோடித் தயாரிப்பு செய்து பார்க்கலாம். நம் நாட்டு மக்களிடம், நம் உணவோடு, முறையான ஒப்பீட்டுச் சோதனை நடத்தும்வரை பெரிய ஆலைக்குக் கடன் வாங்க வேண்டாம்.

மோரில் இடும் உப்பு

சிறு குறைவையும் இகழக் கூடாது என்பார் உண்டு. அது நியாயமே. நடுத்தர வயதினரிடம் மேல் அழுத்தம் 2 புள்ளி மட்டும் குறைவாக இருந்தாலே பக்கவாதத்தால் ஏற்படும் மரணம் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு குறைவாக இருக்கும் என்று பத்து லட்சம் பேரின் விவரங்களைத் தொகுத்த ஓர் ஆய்வு 2002இல் காட்டியது. ஆனால் அந்தப் பயன் கிடைக்க வேண்டுமானால் அந்த 2 புள்ளி ஊரில் எல்லாருக்கும் குறைய வேண்டும். விலை உயர்ந்த பானம் எல்லாரையும் சென்றடையாது. எல்லாரையும் ஏற்கெனவே சென்றடைந்திருக்கும் பொருள் ஒன்று உண்டு. அதுதான் உப்பு.

நாளொன்றுக்கு 5 கிராமுக்குக் குறைவாக உப்பு உண்ணுமாறு உலகச் சுகாதார நிறுவனம் கூறுகிறது. 2017-18இல் நடந்த தேசிய ஆய்வின்படி நாம் சராசரியாக 8 கிராம் உண்கிறோம். உப்பில் ஒரு பகுதியை மாற்றிப் பொட்டாசியம் குளோரைடு சேர்த்த உப்பைச் சீனாவில் 600 கிராமங்களில் ஏறத்தாழ 21,000 பேரிடம் ஐந்தாண்டுக் காலம் சோதித்தனர். பக்கவாதம் நூற்றுக்கு 14 பங்கு குறைந்தது என்று 2021இல் முடிவு வெளியாயிற்று. அங்கே மேல் அழுத்தம் குறைந்தது 3 புள்ளியை ஒட்டியே. நம் நாட்டிலும் தெலங்கானாவின் சித்திப்பேட்டையில் 7 கிராமங்களைச் சேர்ந்த 502 பேரிடம் இத்தகைய உப்பைச் சோதித்து, மேல் அழுத்தம் 4.6 புள்ளி குறைந்ததாக 2021இல் வெளியிட்டனர். சிறுநீரக நோய் உடையவர்களும், பொட்டாசியத்தைத் தேக்கும் மருந்து உண்பவர்களும் மருத்துவரைக் கேளாமல் இந்த உப்பைத் தொடக் கூடாது. மற்றவர்களுக்கு இது பெப்டைடு பானத்தைவிட மலிவானது, சான்றிலும் வலிமையானது.

நம் பொட்டலங்களில் விற்கும் மோரை எண்ணிப் பாருங்கள். பாலிலிருந்து வந்த பெப்டைடு அழுத்தத்தை ஒரு புள்ளி குறைக்கக்கூடும். சுவைக்காக நாம் இடும் உப்பு அதனைத் திரும்ப ஏற்றிவிடும். உடன் வைக்கும் ஊறுகாயையும் அப்பளத்தையும் நான் கணக்கில் சேர்க்கவே இல்லை.

மாத்திரையைப் பற்றி நான் உறுதியாகச் சொன்னதற்குக் காரணம் இவையே. அம்லோடிபின், டெல்மிசார்டன் போன்ற மருந்துகள் நம் நாட்டிலேயே தயாராகி மிகக் குறைந்த விலையில் கிடைக்கின்றன. அரசு மருத்துவமனைகளில் இலவசமாகவும் வழங்கப்படுகின்றன. 2017இல் தொடங்கிய இந்திய உயர் இரத்த அழுத்தக் கட்டுப்பாட்டு முயற்சி, எளிய மருந்து முறை ஒன்றை வகுத்து, நோயாளி மாதந்தோறும் வந்து மருந்து வாங்குகிறாரா என்பதைக் கணக்கு வைத்துப் பார்க்கிறது. வராதவரைத் தேடிச் செல்வதுதான் அதன் உயிர்நாடி. புதிய பெப்டைடு ஒன்றைக் கண்டுபிடிப்பதைவிட இது பகட்டில்லாத வேலை. ஆனால் பிழைக்கும் உயிர்களின் எண்ணிக்கை இங்கேதான் கூடுகிறது.

சட்டத்தையும் நினைவூட்ட வேண்டும். 1954ஆம் ஆண்டின் மருந்துகள் மற்றும் மாய நிவாரணங்கள் சட்டத்தின் அட்டவணையில் உயர் இரத்த அழுத்தமும் இடம்பெற்றுள்ளது. இந்நோயைத் தீர்க்கும் என்று ஒரு பொருளை விளம்பரம் செய்வது குற்றம். உணவுப் பொருள்கள் பற்றிய உரிமை கோரல்களுக்கு 2018இல் தனி விதிமுறைகளும் வந்துள்ளன. பெப்டைடு சேர்த்த தயிரையோ மோரையோ நம் சங்கம் என்றேனும் விற்குமானால், பொட்டலத்தின் மேல் அச்சிட வேண்டியவை மூன்று: பெப்டைடு எத்தனை மில்லிகிராம், உப்பு எத்தனை கிராம், மருத்துவர் தந்த மாத்திரையை நிறுத்தலாகாது. மூன்றாவதைப் பொடி எழுத்தில் அச்சிடுவது வழக்கம். அதனைத்தான் பெரிய எழுத்தில் போட வேண்டும். இரண்டாவதை அச்சிடப் பெப்டைடு வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. அடுத்த மாதப் பொட்டலத்திலேயே தொடங்கலாம்.

உங்கள் வினாக்களை இனிக் கேட்க விரும்புகிறேன்.